போடா என்றொரு ஊர், அணையக்கூடாத அடுப்பு!

ஸ்வீடனில் ஒரு ஊருக்குப் பெயர் போடா. சத்தியமாக! அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் எம்மபோடா என்று இன்னொரு ஊர், ரயில்வே ஸ்டேஷனோடு. கோபன்ஹேகனில் கிளம்பி, கடல் பாலத்தைத் தாண்டி, காடு காடாக ஊடுருவி, கல்மார் என்கிற கடலோர ஊரில் போய் முடிகிற ரயிலில் நான் உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்குள் இருந்த பலகையில் 'எம்மபோடா' என்று எழுத்து ஓடியது. எதிர் சீட்டில் ஒரு பாட்டி மௌனமாக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்க, நான் தனியாகச் சிரித்தேன். பாட்டி ஒரு விநாடி நிமிர்ந்து பார்த்துவிட்டு ஊசிக்குத் திரும்பிவிட்டாள். அடுத்தவர் விவகாரத்தில் தலையிடாத தேசம்! (அவர்கள் வாயில் அது 'பூடா' என்றுதான் வரும் என்று அப்புறம் தெரிந்தது. எழுதியிருப்பதைப் படித்தால் போடாதான்.)

இந்தப் போடா, எம்மபோடா, கோஸ்டா, ஓரெஃபோர்ஸ், மோலேரோஸ் எல்லாம் அடங்கிய வட்டாரத்துக்கு 'கிளாஸ்ரிக்கெட்' என்று பெயர். கண்ணாடி ராஜ்யம் என்று அர்த்தம். தென்கிழக்கு ஸ்வீடனில் ஸ்மோலாண்ட் என்கிற மாகாணத்தின் காட்டுக்குள், வாயால் ஊதிக் கண்ணாடிப் பாத்திரம் செய்கிற கிராமங்கள். நாலு முனிசிபாலிட்டிக்குள் மொத்த ராஜ்யமும் முடிந்துவிடும். மந்திரி கிடையாது, சேனாதிபதி கிடையாது. அடுப்பு மட்டும் உண்டு.

கல்மாரில் என் பி.காம். காலத்து சிநேகிதன் ஒருவன் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். "வாடா, இங்க எல்லாரும் எப்படி ஊதறாங்கன்னு காட்டறேன்" என்றான் போனில். நம் ஊரில் இந்த வாக்கியத்துக்கு வேறு அர்த்தம். வீட்டில் விளக்கிச் சொல்லி விசா வாங்கவே ரெண்டு நாள் ஆயிற்று. இரண்டாவது விசா தூதரகத்தில்.

செப்டம்பர் முதல் வாரம். காலை எட்டு மணிக்கு அவன் காரில் மேற்கே கிளம்பினோம். நீப்ரோ தாண்டியதும் காடு. பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச். நடுவில் ஓர் ஏரி. மறுபடி காடு. செங்காவி பூசின மர வீடு ஒன்று, வெள்ளை ஜன்னலோடு. மறுபடி காடு. அரை மணி நேரத்தில் கண்ணில் பட்ட மனிதர்கள் நாலே பேர். அதில் ஒருவர் காளான் பொறுக்கிக்கொண்டிருந்தார். 'எல்க் குறுக்கே வரும், ஜாக்கிரதை' என்று வழியெல்லாம் மஞ்சள் போர்டு. எல்க் என்பது மான் ஜாதிதான், ஆனால் எருமையைவிடப் பெரிசு. "மோதினா மானுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டேன். "மானைப் பத்தி யார்டா கவலைப்படறா, கார் போயிடும்" என்றான்.

வழியில் ஓரெஃபோர்ஸ் வந்தது. நான் கேள்விப்பட்டிருந்த ஒரே பெயர் அதுதான். இறங்கலாமா என்றேன். "திரும்பி வரும்போது பார்க்கலாம். காலங்கார்த்தால சூடு இருக்கிற இடத்துக்குப் போவோம்" என்று நிறுத்தாமல் ஓட்டினான். ஏன் அப்படிச் சொன்னான் என்பது சாயங்காலம் புரிந்தது.

சாலையோரம் முழுக்க இடுப்பளவு கற்சுவர்கள். காட்டுக்குள்ளேகூடப் பாசி பிடித்து நீள நீளமாக ஓடுகின்றன. யாரும் அழகுக்காகக் கட்டினதில்லை. உழுவதற்காகப் பொறுக்கின கல்லை வேறு எங்கே போடுவது? ஸ்மோலாண்ட் மண்ணில் விதையைவிடக் கல் அதிகம் முளைக்கும் போலிருக்கிறது. 1850லிருந்து 1930 வரை சுமார் 13 லட்சம் ஸ்வீடன்காரர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அதில் இந்தப் பக்கத்து ஜனம் ஏராளம். அதை நாலு பாக நாவலாக எழுதிய வில்ஹெல்ம் மொபெரி 1898ல் பிறந்தது எம்மபோடா பக்கத்துக் குக்கிராமத்தில். அவரே சின்ன வயதில் கண்ணாடிப் பட்டறையில் வேலை பார்த்தவர்.

பஞ்சம் பிழைக்கிறவனுக்கு மூளை சாணை பிடித்த மாதிரி ஆகிவிடும். ஐக்கியா தெரியுமல்லவா, ஹைதராபாத்தில் 2018ல் திறந்தபோது கூட்டம் அலைமோதிய நாற்காலி மேஜைக் கடை? அதை இங்வார் காம்ப்ராட் 1943ல் ஆரம்பித்தது இதே ஸ்மோலாண்டில், பதினேழு வயசில். தீக்குச்சியும் இங்கிருந்துதான். இதே மாகாணத்து யோன்ஷோப்பிங் நகரில் 1845லேயே தீப்பெட்டித் தொழிற்சாலை வந்துவிட்டது. கல்மாரில் பிறந்த ஈவார் க்ரூகர், 1917ல் எல்லாத் தீப்பெட்டிக் கம்பெனிகளையும் ஒன்றாக்கி உலகத்துக்கே நெருப்பு விற்று, 1932ல் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுப் பாரீஸில் செத்துப்போனார். அந்த ஸ்வீடிஷ் கம்பெனி 1923ல் இந்தியாவில் தொடங்கின கிளைதான் விம்கோ. திருவொற்றியூரில் விம்கோ நகர் ஸ்டேஷனில் இறங்குகிற வாசகர்கள் இனி ஒருதரம் ஸ்மோலாண்ட் திசையில் கும்பிடு போடலாம்.

கண்ணாடி கதைக்கு வருகிறேன். கல்லைத் தவிர இந்த மண்ணில் இருந்தது ரெண்டு. மரம், தண்ணீர். அந்தக் காலத்துக் கண்ணாடி உலை விறகில் எரிந்தது, மலைப்பாம்பு மாதிரி காட்டையே விழுங்கும். அதனால் மரம் எங்கேயோ அங்கே உலை. 1742ல் பன்னிரண்டாம் சார்லஸ் மன்னரின் படையில் இருந்த இரண்டு தளபதிகள் காட்டுக்கு நடுவே ஒரு பட்டறை வைத்தார்கள். ஒருவர் கோஸ்குல், மற்றவர் ஸ்டேல் ஃபான் ஹோல்ஸ்டைன். ஒருவர் பெயரிலிருந்து 'கோ', அடுத்தவர் பெயரிலிருந்து 'ஸ்டா'. ஆயிற்று கோஸ்டா! நம்மூரில் அண்ணன் தம்பி சேர்ந்து திறக்கிற ஜவுளிக்கடைப் பெயர் மாதிரி இல்லை? ஊதத் தெரிந்த ஆட்கள் உள்ளூரில் கிடையாது. பொஹீமியாவிலிருந்தும் ஜெர்மன் பேசுகிற தேசங்களிலிருந்தும் அழைத்து வந்தார்கள். ஆரம்பத்தில் ஜன்னல் கண்ணாடியும் குடிகிளாஸும் செய்தார்கள்.

கோஸ்டாவில் இன்றைக்கும் உலை எரிகிறது. உள்ளே போனால் பார்வையாளர்களுக்கென்று கம்பி போட்ட இடம் இருக்கிறது. அங்கே நின்றேன். ஒன்றேகால் மணி நேரம் நின்றேன் என்று சிநேகிதன் பின்னால் புகார் சொன்னான்.

உலையின் வாய் ஒரு தட்டு அகலம்தான். உள்ளே பார்த்தால் கண் கூசுகிற ஆரஞ்சு வெளிச்சம். மணலும் சோடாவும் பொட்டாஷும் சுண்ணாம்பும் ராத்திரி பூராவும் 1400 டிகிரிக்கு மேல் உருகிக் காலையில் தேன் பதத்துக்கு வந்திருக்கும். ஒருவர் நீளமான இரும்புக் குழாயை அதில் விட்டுச் சுழற்றி எடுக்கிறார். நுனியில் எலுமிச்சை அளவுக்கு நெருப்பு உருண்டை. குலோப்ஜாமூன் பாகை ஸ்பூனில் சுற்றி எடுத்தால் எப்படி வழியுமோ, அப்படி வழியப் பார்க்கிறது. விடமாட்டேன் என்கிறார். குழாயைச் சுழற்றுவதை ஒரு நொடி நிறுத்தினாலும் உருண்டை ஒரு பக்கம் தொங்கிவிடும். நடக்கும்போது சுழற்றுகிறார், பேசும்போது சுழற்றுகிறார், எதிரே வருகிறவருக்கு வழிவிடும்போதும் விரல்கள் தம்பாட்டுக்குச் சுழற்றிக்கொண்டிருக்கின்றன.

பிறகு ஒரு சின்ன ஊதல். நாதஸ்வரக்காரர் மாதிரி கன்னம் உப்பும் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் இல்லை. சூடான காபியை ஊதிக் குடிக்கிற அளவுக்கு ஒரு மூச்சு. உருண்டைக்குள் ஒரு குமிழி பிறக்கிறது. அடுத்தவர் வாங்கிக்கொண்டு, தண்ணீரில் ஊறப்போட்ட மர அச்சுக்குள் விட்டு ஊதிச் சுழற்றுகிறார். புஸ்ஸென்று ஆவி. ஈர மரத்துக்கும் நெருப்புக் கண்ணாடிக்கும் நடுவில் அந்த ஆவி ஒரு மெத்தை மாதிரி நிற்பதால்தான் மேனி வழவழவென்று வருகிறதாம். இன்னொருவர் கையில் ஈர நியூஸ்பேப்பரைப் பல மடிப்பாக மடித்து வைத்துக்கொண்டு, ஆயிரம் டிகிரி உருண்டையை அந்தக் காகிதத்தால் தடவிக் கொடுத்து உருட்டுகிறார். கன்னுக்குட்டியைத் தடவுகிற மாதிரி! எழுதுகிறவன் என்கிற முறையில் எனக்கு அதைப் பார்த்து ஒரே பெருமை. நம் எழுத்து வடை மடிக்க மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கிரிஸ்டல் செய்யவும் ஆகிறது.

ஒயின் கிளாஸ் என்றால் இத்தோடு விடவில்லை. கிண்ணத்தின் அடியில் ஒரு சொட்டு கண்ணாடியை ஒட்டி, இடுக்கியால் இழுத்துக் காம்பு செய்ய வேண்டும். அதன் கீழே இன்னொரு சொட்டு, அதை அழுத்திப் பாதம். கடைசியில் குழாயில் ஒரு தட்டு. 'டிக்' என்று விட்டுவிடும். இளைஞன் ஒருவன் அதை நீளக் கவைக்கோலில் ஏந்திக்கொண்டு ஆற வைக்கும் சூளைக்கு ஓடுகிறான். சுமார் 500 டிகிரியில் தொடங்கி மெள்ள மெள்ள, மணிக்கணக்காக ஆற வேண்டும். அவசரப்பட்டு வெளியே வைத்தால் தானே வெடித்துவிடும்.

ஐந்தாறு பேர். யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. "அதை எடு", "இங்கே வை" கிடையாது. ஒருவர் கையை நீட்டும்போது அடுத்தவர் குழாய் அங்கே இருக்கிறது. என் ஆபீஸ் அனுபவத்தில் ஒரு ஃபைல் ஐந்து மேஜை தாண்டுவதற்குள் பொங்கல் வந்து தீபாவளியும் போய்விடும். இங்கே ஐந்து மேஜையைத் தாண்டச் சில நிமிஷங்கள்தான், அதற்குள் தாண்டாவிட்டால் ஃபைல் உறைந்துபோகும்!

காபி இடைவேளை வந்தது. ஸ்வீடனில் இதற்கு 'ஃபீகா' என்று பெயர். ஆபீஸ் வாசகர்கள் கவனிக்க: முதலாளியும் சேர்ந்து உட்கார்ந்து குடிக்கிற தேசிய வழக்கம் அது. குழுவில் ஒரு இளம்பெண்ணும் இருந்தாள். எத்தனை வருஷ சர்வீஸ் என்று கேட்டேன். எட்டாம். "எட்டு வருஷத்துல எல்லாம் கத்துக்கிட்டிருப்பீங்களே?" என்றேன். தன் மாஸ்டரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "காம்பு இழுக்க இன்னும் தினமும் விடறதில்லை" என்று சிரித்தாள். முந்தைய தலைமுறையில் பத்து, பன்னிரண்டு வயசுப் பையன்கள் கவைக்கோலோடு ஓடத் தொடங்கி, படிப்படியாகக் குழாய்க்கு வந்து, நரைத்த பிறகு மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இப்போது பயிற்சிப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் முதல் ஒரு வருஷத்தைத்தான் சொல்லித்தரும், மிச்சம் இருபது வருஷம் இந்தக் கூடத்தில்தான் என்றாள்.

பி.காம். படித்தவனை எந்தச் சொர்க்கத்துக்கு அனுப்பினாலும் மனசுக்குள் லெட்ஜரைப் பிரிப்பான். நாங்கள் ரெண்டு பேர் வேறு. வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மணல், சோடா, சுண்ணாம்பு: ஒரு கிளாஸுக்கு ஆகிற சரக்குச் செலவு அற்பம். ஐந்தாறு பேர் ஸ்வீடன் சம்பளம்: அற்பமே இல்லை. அடுத்து 'நார்மல் லாஸ்'. காஸ்ட் அக்கவுண்டன்ஸியில் 'ப்ராஸஸ் காஸ்ட்டிங்' பாடத்தில் வருமே, செய்முறையில் தவிர்க்க முடியாமல் வீணாவது? இங்கே அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பெரிய இரும்புத் தொட்டி. மாஸ்டர் ஒரு கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எங்கள் கண்ணுக்கு அப்பழுக்கு இல்லை. அவர் உதட்டைப் பிதுக்கினார். 'டமார்!' தொட்டிக்குள் போயிற்று.

கடைசியாக அடுப்பு. பெரிய செலவே அதுதான். வீட்டு கேஸ் அடுப்பு மாதிரி வேலை முடிந்ததும் திருகி அணைக்க முடியாது. உள்ளே கண்ணாடி உருகுகிற களிமண் பானைகள் குளிர்ந்தால் விரிசல் விட்டுப்போகும். அதனால் ராத்திரியும் எரிய வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் எரிய வேண்டும், கிறிஸ்துமஸ் அன்றைக்கு எல்லோரும் வீட்டில் விருந்து சாப்பிடும்போதும் எரிய வேண்டும். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் எரிய வேண்டும். 'ஃபிக்ஸட் காஸ்ட்' என்றால் என்ன என்று ஃபைனல் இயரில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். இவ்வளவு ஆரஞ்சாக இருக்கும் என்று எந்தப் புரொபஸரும் சொல்லவில்லை. 2022ல் ஐரோப்பா முழுக்க எரிபொருள் விலை எகிறினபோது உலைக்காரர்கள் வயிற்றில் என்ன கரைந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

"அப்ப லாபம் எங்கடா?" என்றேன்.

"அதைத்தான் அம்பது வருஷமா தேடறாங்க" என்றான்.

கோஸ்டா தேடின வழி சுற்றிலும் தெரிகிறது. 2009ல் ஒரு கண்ணாடி ஹோட்டல் கட்டியிருக்கிறார்கள். மது அருந்துகிற மேடையிலிருந்து விளக்கு வரை கண்ணாடி. (குடித்துவிட்டு மேஜையைக் குத்துகிற நம்மூர்ப் பழக்கம் அங்கே செல்லாது.) தள்ளுபடி விலைத் துணிக்கடை வளாகம் வேறு. பஸ் பஸ்ஸாக வருகிறார்கள், ஜட்டி பனியன் வாங்குகிறார்கள், போகிற போக்கில் உலையையும் எட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு இது முதலில் கொஞ்சம் உறுத்தியது. பிறகு யோசித்தேன். ஜட்டி வாங்குகிறவன் காசில் உலை ஒரு நாள் கூட எரிந்தால் ஜட்டிக்கு ஜே!

அங்கிருந்து மோலேரோஸ். சின்ன ஊர், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்துப்போன ஊர். பெரிய கம்பெனிக்குள் ஒரு பொடி யூனிட்டாக இருந்து திணறிக்கொண்டிருந்தது இந்தப் பட்டறை. 1981ல் தொழிலாளர்களும் ஊர்க்காரர்களுமாகச் சேர்ந்து பங்கு போட்டு, அதைத் தனியாகப் பிரித்து வாங்கிவிட்டார்கள். மாட்ஸ் யோனாஸன் என்கிற உள்ளூர் வடிவமைப்பாளர் முன்னால் நின்றார். கனமான கிரிஸ்டல் கட்டிக்குள் ஓநாய், ஆந்தை, எல்க் முகங்கள் உறைந்து நிற்கிற மாதிரி அவர் செய்தவை உலகம் பூராவும் விற்றன. கலை விமர்சகர்கள் இதையெல்லாம் உயர்வாகச் சொல்ல மாட்டார்கள். ஷோகேஸ் சரக்கு என்பார்கள். சொல்லட்டும். பங்குதாரர் லிஸ்டில் தெருக்காரர்கள் பெயர் இருக்கிற கம்பெனியை நான் வேறெங்கே பார்க்கப் போகிறேன்?

மூன்று மணிக்கு ஓரெஃபோர்ஸ் வந்தோம்.

1726லேயே இரும்புப் பட்டறை இருந்த ஊர். இரும்பில் பிழைக்க முடியாமல் 1898ல் கண்ணாடிக்கு மாறியது. 1913ல் யோஹான் ஏக்மன் என்கிற செல்வந்தர் வாங்கினார். 1916ல் சைமன் காட்டே, 1917ல் எட்வர்ட் ஹால்ட் என்று இரண்டு ஓவியர்களை வேலைக்கு எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் கண்ணாடி பற்றி ஒன்றும் தெரியாது! ஹால்ட், மத்தீஸிடம் ஓவியம் படித்தவர். ஓவியர்களையும் ஊதுகிறவர்களையும் ஒரே கூடத்தில் நிறுத்திவைத்தார்கள், அவ்வளவுதான். க்னூட் பெரிக்விஸ்ட் என்கிற மாஸ்டர் ஊதுநரும் காட்டேயும் சேர்ந்து 'கிரால்' என்று ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். வண்ணக் கண்ணாடியில் ஒரு சின்னக் குமிழி ஊதி, ஆறவைத்து, அதில் உருவங்களைச் செதுக்கி, மறுபடி சூடாக்கி, மேலே தெளிந்த கண்ணாடியைப் போர்த்தி ஊதிப் பெரிதாக்கினால், சித்திரம் கண்ணாடிக்குள்ளே மிதக்கும். 1925 பாரீஸ் கண்காட்சியில் உலகமே வாயைப் பிளந்தது. 1991லிருந்து நோபல் பரிசு விருந்தில் மேஜைக்கு வருகிற கிளாஸ்கள் குன்னார் ஸிரேன் வடிவமைத்து ஓரெஃபோர்ஸ் செய்தவைதான்.

2012ல் மூடுவதாக அறிவித்தார்கள். 2013ல் மூடினார்கள். ஓரெஃபோர்ஸ் என்கிற பெயர் இன்னும் கடைகளில் விற்கிறது. ஓரெஃபோர்ஸின் அடுப்புதான் இல்லை.

தெருவில் நடந்தோம். பெரிய பெரிய கட்டடங்கள், நிறைய ஜன்னல்கள். பழைய மாஸ்டர்கள் குடியிருந்த வீடுகளின் தோட்டத்தில் ஆப்பிள் கொட்டிக்கிடந்தது, பொறுக்க ஆளில்லை. நாயை நடத்திக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். நாங்கள் வெளியூர் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியுமே, நின்றார். இங்கே வேலை செய்தவரா என்று சிநேகிதன் ஸ்வீடிஷில் விசாரித்தான். அவர் பதில் சொல்லாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தடித்த காய்ப்பு. குழாய் சுழற்றின தடம். வேலையை விட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் போகவில்லை.

கடைசி நாள் எப்படி இருந்தது என்று கேட்டோம். கடைசி நாளைவிட அடுத்த வாரம்தான் பொறுக்கவில்லை என்றார். இந்த ஊர் ராத்திரியில் ஒருநாளும் முழு நிசப்தமாக இருந்ததில்லையாம். உலை ஒரு மாதிரி உறுமிக்கொண்டே இருக்கும், குழந்தையிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறார். அது நின்ற பிறகு தூக்கம் வராமல் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தத்துக்காகச் சமையலறைப் பக்கத்து அறையில் போய்ப் படுத்துக்கொண்டாராம். இதைச் சொல்லி அவரே சிரித்தார். நாய் இழுத்தது, போய்விட்டார்.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் லெட்ஜர் பேசவில்லை.

இந்த ராஜ்யத்துக்கு இன்னொரு கடனும் இருக்கிறது. கிரிஸ்டலுக்கு மினுமினுப்பும், தட்டினால் 'ணங்' என்கிற நாதமும் தந்தது ஈயம். குமிழ்களை நீக்கிக் கண்ணாடியைத் தெளியவைத்தது ஆர்ஸனிக். இப்போது தவிர்க்கிறார்கள். ஆனால் இரண்டு நூற்றாண்டாகக் கொல்லைப்புறத்தில் கொட்டின கழிவு அங்கேயேதான் இருக்கிறது. பழைய பட்டறைகள் பலவற்றின் மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்துகிற வேலை அரசாங்கத்தின் தலையில். மேஜைமேல் பளபளத்ததன் பில் லேட்டாக வருகிறது.

கையால் கண்ணாடி செய்கிற அறிவை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியச் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது. செக், ஃபின்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்பெயின் ஆறும் கூட்டாகக் கேட்டு வாங்கின. ஸ்வீடன் அதில் இல்லை. "இவங்க மீட்டிங் போட்டு, காபி குடிச்சு, எல்லாரும் சம்மதிக்கறதுக்குள்ள லிஸ்ட் மூடியிருப்பாங்க" என்றான் சிநேகிதன். பத்து வருஷமாக அந்த ஊர் மீட்டிங்குகளில் உட்கார்ந்தவன், அனுபவம் பேசுகிறது.

சாயங்காலம் ஒரு உலைக்கூடத்தில் 'ஹுட்ஸில்' விருந்துக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். ஹுட்டா என்றால் உலைக்கூடம், ஸில் என்றால் ஹெர்ரிங் மீன். பழைய நாளில் இந்த வட்டாரத்துக் குளிர்காலத்தில் ராத்திரி பூராவும் சூடாக இருந்த ஒரே இடம் உலைக்கூடம்தான். வேலை முடிந்தபின் கதவைப் பூட்ட மாட்டார்கள். ஊர் ஊராகத் திரிகிற நாடோடிகள், வேட்டைக்காரர்கள், வேலை இல்லாதவர்கள் எல்லோரும் வந்து உலையோரம் படுத்துக்கொள்வார்கள். மிச்சச் சூட்டில் உப்பு ஹெர்ரிங்கைச் சுட்டு, உருளைக்கிழங்கை வேகவைத்து, வந்தவனுக்கும் கொடுத்து, பதிலுக்கு அவன் கொண்டுவந்த அக்கம்பக்கத்துக் கதைகளையும் பாட்டையும் வாங்கிக்கொள்வார்கள். எப்படியும் எரிந்துதான் ஆகவேண்டிய அடுப்பு! ஃபிக்ஸட் காஸ்ட்டில் ஊருக்கு ஒரு சத்திரம்.

இப்போது டிக்கெட் உண்டு, முன்பதிவு உண்டு. விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், மீன் தொண்டையில் நிற்கும். நீள மர மேஜை, பெஞ்சு. ஹெர்ரிங், கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இஸ்டர்பாண்ட் என்று லேசாகப் புளித்த பன்றி மாமிச ஸாஸேஜ். லிங்கன்பெர்ரி ஜாம். கடைசியில் 'ஊஸ்ட்காக்கா' என்று பாலைத் திரித்துச் சுட்ட ஒரு பண்டம் வந்தது. ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்தேன். நம்மூர்ச் சீம்பால்! ஏலக்காய் போட மறந்த சீம்பால். மேலே கொஞ்சம் பாதாம், ஜாம், க்ரீம். மூன்று துண்டு சாப்பிட்டேன். பரிமாறின அம்மாள் நாலாவதைக் கேட்காமலே வைத்துவிட்டுப் போனார். பாட்டிகளுக்கு மொழி தேவையில்லை.

மேஜையில் என் பக்கத்தில் ஒரு ஜெர்மன் தம்பதி, எதிரே ஸ்டாக்ஹோம் பாங்க்காரர் ஒருவர். பட்டறை ஆள் ஒருவர் அக்கார்டியன் வாசித்தார். சுமாராகத்தான் வாசித்தார். இன்னொருவர் ஒரு சின்னப் பையனை அப்பாவிடமிருந்து கூப்பிட்டுக் குழாயைக் கையில் கொடுத்து ஊதச் சொன்னார். பையன் கன்னத்தை உப்பி உயிரைக் கொடுத்து ஊதினான். பூசணிக்காய் மாதிரி கோணலாக ஒன்று வந்தது. பெஞ்சு பூராவும் கைதட்டல். ஸ்டாக்ஹோம்காரர் கோட்டைக் கழற்றிவிட்டு உலைக்குப் பக்கத்தில் நாற்காலியை நகர்த்திக்கொண்டு காலை நீட்டினார். நாடோடிகளும் இப்படித்தான் நீட்டியிருப்பார்கள்.

ஒன்பதரை மணிக்கு ஒவ்வொருவராக எழுந்தார்கள். வெளியே நல்ல குளிர், காடு கறுப்பாக நின்றது. காரை எடுக்கப்போன சிநேகிதனுக்காகக் கதவோரம் நின்றேன். உள்ளே தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது பின் கதவு வழியாக ஒரு ஆள் தள்ளுவண்டியோடு வந்தார். காதில் இயர்போன், தோளில் சாப்பாட்டுப் பை. ராத்திரி ஷிஃப்ட். யாரையும் பார்க்காமல், நேரே உலைக்குப் போய்ச் சின்னக் கதவைத் திறந்தார். வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. நீளக் கரண்டியில் வெள்ளைப் பொடியை அள்ளி உள்ளே போட்டார். இன்னொரு கரண்டி. அப்புறம் இன்னொன்று. நாளைக் காலை ஏழு மணிக்கு ஆட்கள் வரும்போது உருகித் தயாராக இருக்க வேண்டும்.